எந்தக் கோயில் என்று கேட்கக் கூடாது

எங்கள் ஜவுளிக் கடையில் மூன்று மெமோ வாங்கினால் வேலை போய்விடும். யாராக இருந்தாலும் இதுதான் சட்டம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மூன்று மாடிக்கு நிற்கிற கடை அது. தரைத்தளத்தில் ஆண்கள் பிரிவில் எட்டு வருஷம் சட்டை மடித்த பிறகு என்னை முதல் மாடிக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அன்றைக்கே முதலாளி ஒரு பச்சை ஃபைலை என் கையில் கொடுத்து, "இதைப் படிச்சுட்டு வேலையை ஆரம்பிம்மா" என்றார். மாடியில் இருந்த பதினான்கு பேரில் இரண்டு மெமோ வாங்கியிருந்தவர் ஒரே ஒருவர்தான். குழந்தைகள் பிரிவில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிற அக்கா. இரண்டு தாளிலும் ஒரே வாசகம் இருந்தது: பொறுப்பாளரை எதிர்த்துப் பேசினார்.

அவரைத் தெரியாதவர் கடையில் கிடையாது. அவர் மாடியில் பேசினால் கீழே பில் போடுகிற பெண்ணுக்குக் கேட்கும். அவருடைய கணவர் கண்டெய்னர் யார்டில் காலை நசுக்கிக்கொண்டு இரண்டு வருஷமாக வீட்டோடு இருந்தார். பெரிய பெண் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அக்காவின் சம்பளத்தில்தான். மூன்றாவது மெமோ விழுந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் வாயைக் குறைக்கிற ஆள் இல்லை அவர்.

நான் மட்டும் என்ன, பெரிய பொறுமைசாலியா? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் மாமியாரே நான் பாத்திரம் வைக்கிற சத்தத்தை வைத்துத்தான் பேசலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். அப்படிப்பட்ட நான், என்னைவிட ஏழு வயது மூத்த, என்னைவிட வேலை தெரிந்த ஒருவருக்கு உத்தரவு போட வேண்டும். நேற்றுவரை என்னை "இன்னாம்மே" என்று கூப்பிட்டவர், நான் மாடி ஏறிய காலையிலிருந்து "மேடம்" என்றார். அந்த மேடத்தை அவர் இழுக்கிற இழுப்பில் பக்கத்தில் நிற்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நான் காதில் விழாத மாதிரி ஸ்டாக் புத்தகத்தைப் புரட்டுவேன்.

ஈஸ்டர் முடிந்து வெயில் ஏற ஆரம்பித்ததும் எங்கள் மாடியில் வெள்ளைக் கவுன் சீசன் தொடங்கும். கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாளுக்குப் புதுநன்மை என்று பெயர். தேவாலயத்தை அவர்கள் கோயில் என்றுதான் சொல்வார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள வீடுகளில் அது கல்யாணத்துக்குச் சமம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்த முஸ்லிம் பெண். புதுநன்மையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், வெள்ளைக் கவுனும் தலையில் பூ வளையமும் போட்ட சின்னப் பெண்கள் கையில் மெழுகுவத்தியோடு வரிசையாக நடப்பார்கள் என்பது மட்டும்தான். அக்காவும் கிறிஸ்துவர் இல்லை. ஆனால் அந்த வெள்ளைக் கவுன் மேசை பன்னிரண்டு வருஷமாக அவருடையது.

அன்றைக்கு ஒரு சின்ன வயது அம்மாவும் அப்பாவும் மகளோடு வந்து மேசை முன் நின்றார்கள். அக்கா அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, துணியில் கையே வைக்காமல் முதலில் கேட்டார்.

"எந்த ஏரியா? எந்தக் கோயிலு?"

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் நானும் என் கணவரும் வாடகைக்கு வீடு தேடி இந்தப் பக்கத்துத் தெருக்களில் அலைந்தோம். வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள், தண்ணீர் நன்றாக வரும் என்பார்கள், மொட்டை மாடியில் துணி காயப்போடலாம் என்பார்கள். பிறகு ஒரு கேள்வி வரும்: "நீங்க என்னா ஆளுங்க?" தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நான் எதிரில் நிற்கும்போதே கேட்பார்கள். அதன் பிறகு அந்த வீட்டுக்கு ஊரிலிருந்து சித்தப்பா குடிவரப் போகிறார் என்பது திடீரென்று ஞாபகம் வரும். மூன்று வீட்டில் மூன்று சித்தப்பா. அந்த மாதிரிக் கேள்வி எதுவும் என் மாடியில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது என்று நான் பொறுப்புக்கு வந்த அன்றே மனசுக்குள் முடிவு செய்திருந்தேன்.

நேராக மேசைக்குப் போனேன். வாடிக்கையாளர் நிற்கிறார்கள், இரண்டு பக்கமும் பெண்கள் நிற்கிறார்கள் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை.

"அக்கா, கஸ்டமர்கிட்ட எந்தக் கோயில்னு கேக்காதீங்க. அவங்க எந்தக் கோயிலுக்குப் போனா நமக்கென்ன?"

"கேட்டாத்தான் மேடம் துணி எடுத்துப் போட முடியும்."

"எல்லாருக்கும் ஒரே துணிதான். அளவு கேளுங்க, எவ்வளவுல வேணும்னு கேளுங்க. அதுக்கு மேல கேக்கக் கூடாது."

"பன்னெண்டு வருசமா கேட்டுகினு கீறேன். உனுக்கு இன்னிக்குத்தான் காது கேட்டுச்சா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சின்ன வயது அப்பா தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். என் காது சூடானது எனக்கே தெரிந்தது.

"இங்க பொறுப்பு நான். நான் சொன்னதை மட்டும் செய்யுங்க. அதுக்கு மேல உங்க யோசனை எதுவும் வேணாம். இன்னொரு வார்த்தை வந்தா மூணாவது மெமோவை இப்பவே எழுதிடுவேன்."

மாடியே நின்றுவிட்டது. அக்கா முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, "செரி மேடம். நீங்க சொன்னத்த மட்டும் செய்றேன்" என்றார். ஏன் கேட்கிறேன் என்று அவர் இன்னொரு வரி சொல்லியிருக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் ஒரு வரி கேட்டிருக்கலாம். இரண்டு பேருக்கும் வீம்பு. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலையிலிருந்து எனக்குச் சோதனை ஆரம்பித்தது.

"மேடம், கஸ்டமரு தண்ணி கேக்கறாங்க. குடுக்கலாமா?"

"குடுங்க."

"மேடம், இந்தக் கவுன்ல குண்டூசி கீது. எடுக்கலாமா?"

"எடுங்க அக்கா."

"எடுத்துட்டேன் மேடம். எங்க போடட்டும்?"

வாயில் சர்க்கரை வைத்துக்கொண்டு பேசுவது போலக் கேட்பார். முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது. பதில் சொல்லும்வரை நகர மாட்டார். அவர் தானாகவே செய்துவந்த வேலை எவ்வளவு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு அளவு தீரப் போகிறது என்றால் குடோனுக்குப் போன் போடுவார். அழுகிற கைக்குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டே துணி விரிப்பார். மாலையில் கலைந்து கிடக்கும் துணிகளை யாரும் சொல்லாமலே மடித்து அடுக்குவார். இப்போது எதுவும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாராவது வந்தால் "எந்த அளவு? எவ்வளவுல?" என்று கேட்டு, கவுனை எடுத்து மேசையில் வைத்துவிட்டு நிற்பார். அதுதான் நான் சொன்னது. அதை மட்டும் செய்தார்.

மெமோ எழுத எனக்கு ஒரு பிடியும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறார் என்றா எழுத முடியும்? அவர் முதலில் களைக்கட்டும் என்று நான் இருந்தேன், நான் முதலில் களைக்கட்டும் என்று அவர் இருந்தார். ஒரு நாளைக்கு முப்பது கேள்வி என்றாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். விடுவதாக இல்லை. அந்த வாரத்தில் முதலாளி மாடிக்கு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, மாடி அமைதியா இருக்கு. நல்லா அடக்கி வச்சிருக்கியே" என்றார். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு அம்மா கவுனைத் திருப்பிக்கொண்டு வந்தார். அவர்கள் கோயிலில் ஒத்திகைக்குக் கவுனைப் போட்டுப் பார்த்தபோது கன்னியாஸ்திரி சிஸ்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கை முழங்கை வரைக்கும் வர வேண்டுமாம். இவர் வாங்கிப்போனது கையில்லாத கவுன். மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் இன்னொரு அம்மா. அவர்கள் கோயிலில் கைக்கு நெட் துணி கூடாதாம், சாட்டின் துணிதான் வேண்டுமாம். "போன வாட்டி கடையிலயே கேட்டு எடுத்துக் குடுத்தாங்களே" என்றார் அந்த அம்மா.

அக்காவை ஸ்டாக் அறைக்குக் கூப்பிட்டேன். பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு பேரும் நின்றோம்.

"ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு சட்டம் இருக்கா?"

"கீது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாமே தெரியும். ஒரு கோயில்ல கை நீளம் வோணும். ஒரு கோயில்ல நெட்டு கூடாது. ஒரு கோயில்ல இடுப்புல கலர் ரிப்பன் கட்டக் கூடாது. அதுக்குத்தான கேக்கறது."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீங்கதான் கேக்கக் கூடாதுன்னீங்க. உன் யோசன வேணாம்னீங்க."

கையில் இருந்த பெட்டியை அவர் மேல் எறியலாம் என்று வந்தது. அடுத்த நொடியே அதை என் தலையில் நானே போட்டுக்கொள்ளலாம் என்றும் வந்தது. வீட்டுக்காரர்கள் என்னைக் கேட்டது கதவைச் சாத்துவதற்கு. அக்கா கேட்டது சரியான துணியை எடுப்பதற்கு. இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, அதையே சட்டமாகவும் போட்டிருக்கிறேன். ஆனால் இந்த மனுஷி, குழந்தை கோயில் வாசலில் நின்று அழும் என்று தெரிந்தே கவுனை மடித்துப் பையில் போட்டிருக்கிறார். என் தப்புக்கு அவர் தப்பு சளைத்ததில்லை.

நான் உத்தரவு போட்ட நாளிலிருந்து பதினோரு கவுன் போயிருந்தது. இரண்டு திரும்பி வந்துவிட்டன. மீதி ஒன்பது பேருடைய போன் எண்ணும் பில் கம்ப்யூட்டரில் இருந்தது. நானே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "உங்க பாப்பாவுக்கு எந்தக் கோயில்ல புதுநன்மை?" என்று கேட்டேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கோயில் பெயரைச் சொல்லி, எந்தத் தெரு, எத்தனை பிள்ளைகள், எந்த சாமியார் பூசை வைக்கிறார் என்பதுவரை பெருமையாகச் சொன்னார்கள். அக்கா பக்கத்தில் நின்று, "இது சரி", "இத்த மாத்தணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து பேருக்குப் பிரச்சினை இல்லை. மூன்று பேர் மாலைக்குள் வந்து மாற்றிக்கொண்டார்கள். ஒரே ஒரு எண் மட்டும் சுவிட்ச் ஆஃப் என்றே வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பூசை.

விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. கூப்பிட்டு உட்கார வைத்து, "தெரிஞ்சே பண்ணியிருக்காங்க. இதைவிட என்ன வேணும் உனக்கு? மூணாவதை எழுது" என்றார்.

"திங்கட்கிழமை தர்றேன் சார்" என்றேன். யாருக்கு எதை எழுதித் தருவேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை கடை திறந்ததும் அக்காவிடம் போய் நின்றேன். அந்த எண் யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"முகத்துவாரக்குப்பத்து அம்மா. மீன் விக்கறவங்க. அவங்க பெரிய பொண்ணுக்கும் நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

"அவங்க கோயில்ல?"

"கை முயங்கைக்குக் கீய வரணும்." என்னைப் பார்க்காமல், "இவங்க எடுத்துகினு போனது கையில்லாதது" என்றார்.

அந்தக் குழந்தையின் அளவில் கை வைத்த கவுன் ஒன்றுகூட மிச்சமில்லை. கீழே ஆல்டரேஷன் டெய்லரிடம் சொல்லி, அதே சாட்டின் துணியில் இரண்டு கை வெட்டி வாங்கினேன். பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வந்து, "வாங்க, போகலாம்" என்றேன்.

"நான் எதுக்கு? எடுத்துகினு போய் குடுங்க. நீங்க சொன்னத்தத்தான் செஞ்சேன்."

இந்த முறை குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

"ஆமா. நான் சொன்னது தப்பு. அதை அந்தம்மா முன்னாடி நான் சொல்றேன். திங்கட்கிழமை நம்ம ஆளுங்க முன்னாடியும் சொல்றேன். ஆனா தெரிஞ்சு குடுத்தது நீங்க. அதை நீங்கதான் சொல்லணும். வரலைன்னா மூணாவதை நான் எழுதுவேன் அக்கா. உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதுவேன்."

அவர் என் கண்ணைப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்பது புரிந்திருக்க வேண்டும். உண்மையில் எழுதியிருப்பேனா என்று கேட்டால், எழுதியிருப்பேன். அவர் மேசை டிராயரைத் திறந்து ஊசியையும் வெள்ளை நூலையும் எடுத்துக்கொண்டார்.

எண்ணூர் போகிற ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் வழக்கம்போல ஊர்ந்து ஊர்ந்துதான் போனது. சாம்பல் தூசி பறந்துகொண்டிருந்தது. அக்கா பாலித்தீன் பையை மடியில் வைத்து அதன் மேல் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டார்.

அந்த அம்மா காலை வியாபாரத்தை முடித்துவிட்டு வாசலில் அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாக்கா. இன்னா இவ்ளோ தூரம்?"

உள்ளே கூட்டிப்போய்ப் பாய் போட்டார். சுவரில் ஓர் ஆணியில் கவுன் பிளாஸ்டிக் உறையோடு தொங்கியது. போன் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போய்விட்டதாம். அவர்களுக்கு ஒத்திகை அன்று மாலைதான். ஆகவே அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. நான்தான் சொன்னேன். கடையில் நான் போட்ட ஒரு தப்பான உத்தரவால் கவுன் மாறிப்போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எழுந்து போய்க் கவுனைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ இத்த போட முடியாதா?"

கதவோரம் நின்ற சின்னப் பெண்ணின் முகம் மாறியது.

"போடலாம், போடலாம்" என்று அக்கா அவசரமாகச் சொன்னார். "தோ, கை எடுத்தாந்துகீறேன். குந்திகினே தச்சுக் குடுத்துர்றேன். எடு அத்த."

தரையில் கவுனை விரித்து வைத்து, நூல் கோத்துத் தைக்க ஆரம்பித்தார். அந்த அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இந்த வாட்டி நீ ஒண்ணுமே கேக்கலியேக்கா. பெரியவளுக்கு வந்தப்போ எந்தக் கோயிலு, எந்த சிஸ்டருன்னு எல்லாம் கேட்ட. நீயே பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்த. இந்த வாட்டி மூஞ்சக்கூட பாக்கல. நான் வேற யாவாரம் முட்ச்சிட்டு அப்டியே வந்துட்டனா, கவுச்சி அடிக்குது போல, அதான் நம்மகிட்ட பேசலன்னு நெனச்சிகினேன். வூட்டுக்கு வந்து பொடவய மோந்து பாத்தேன்."

அக்காவின் கை நின்றுவிட்டது. ஊசி துணியில் பாதி இறங்கி அப்படியே இருந்தது.

எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. வீடு தேடிய தெருக்களில் நான் பட்ட அவமானத்தை என் மாடியில் யாரும் படக் கூடாது என்றுதான் அந்த உத்தரவைப் போட்டேன். அந்த உத்தரவே இந்த அம்மாவைத் தன் புடவையை முகர்ந்து பார்க்க வைத்திருக்கிறது. அன்றைக்குப் பட்ட வெட்கம் போல நான் என் வாழ்க்கையில் பட்டதில்லை.

"அய்யோ, அப்டி இல்லம்மா" என்றார் அக்கா. மாடியிலிருந்து கீழே கேட்கிற அந்தக் குரல் எங்கேயோ போயிருந்தது. "உன் மேல ஒண்ணுமில்ல. இவங்க மேல கோவம். கேக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, செரி அனுபவிக்கட்டும்னு வுட்டுட்டேன். உன் கோயிலு எதுன்னு எனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இத்த குடுத்தேன்."

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒங்க சண்டைல என் பொண்ணு இன்னா பண்ணா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தைத்தார். நான் அடுத்த ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தேன். அதுதான் எனக்குத் தெரிந்தது. தையல் முடிய இரண்டு மணி நேரம் ஆனது. சின்னப் பெண் போட்டுப் பார்த்துக் கையை மேலே தூக்கி, கீழே இறக்கி, ஒரு சுற்று சுற்றினாள். கை முழங்கைக்குக் கீழே சரியாக நின்றது. அந்த அம்மா எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். ஆனால் சிரிக்கவில்லை. நாங்களும் அதை எதிர்பார்க்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது நான் ஆரம்பித்தேன்.

"மெமோ நான் எழுத மாட்டேன். ஆனா ஒண்ணு. நான் சொல்றது தப்புன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. சண்டை போடுங்க. என் மேல இருக்கிற கோபத்தைக் கஸ்டமர் மேல காட்டினீங்கன்னா, அப்புறம் ஃபைலும் கிடையாது, மெமோவும் கிடையாது. நானே உங்க பையை எடுத்துக் கையில குடுத்து அனுப்பிடுவேன்."

"அனுப்பு" என்றார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "நீயும் நாலு பேருக்கு முன்னாடி வச்சு கத்தாத. தனியா கூப்டு சொல்லு" என்றார்.

"சரி. நீங்களும் நாலு பேருக்கு முன்னாடி நக்கல் பண்ணக் கூடாது."

"அத்த பாக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்னால் மாடியில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன். என் உத்தரவு தப்பு. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அக்காவை அப்படிப் பேசியதும் தப்பு. இனிமேல் வெள்ளைக் கவுன் வாங்க வருகிறவர்களிடம் கோயிலைக் கேட்டுத்தான் எடுத்துப் போட வேண்டும், எந்தக் கோயிலுக்கு என்ன என்பதை அக்காவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் முதுகு நனைந்துவிட்டது. தப்பு என்ற வார்த்தை என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வராது. சொல்லிய பிறகு, இதே பெண்களுக்கு நாளைக்கும் நான்தான் வேலை சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு முதலாளி அறைக்குப் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். அவரே எழுதி வைத்த மூன்றாவது மெமோ அவர் மேசை மேல் அக்காவின் பெயரோடு தயாராக இருந்தது.

"உத்தரவு போட்டது நான் சார். அவங்க மீறவே இல்லை. மீறியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது."

"அதெல்லாம் சரிம்மா. ஆறு கவுன் மாறிப்போயிருக்கு. யார் பேரையாவது எழுதணுமே?"

"என் பேரை எழுதுங்க."

அவர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்து எழுதினார். எட்டு வருஷத்தில் என் முதல் மெமோ. கையெழுத்துப் போட்டேன். மெமோ என்றால் அதே மாடியில் இருக்கிற ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். "யாரையாவது வரச் சொல்லு" என்றார் முதலாளி. கதவைத் திறந்தால் அக்காதான் வெளியே நின்றிருந்தார். மூன்றாவது மெமோவுக்குத் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று தயாராக நின்றிருக்கிறார்.

உள்ளே வந்து தாளை எடுத்துப் படித்தார். முதல் வரியில் என் பெயர் இருந்தது. மறுபடியும் படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் குனிந்து, சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை வைக்கவில்லை. கையெழுத்துக்குக் கீழே நிதானமாக எதையோ எழுதிவிட்டுத் தாளை முதலாளி பக்கம் தள்ளினார்.

முதலாளி வாய்விட்டுப் படித்தார். "கோயில் எதுவென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாதது நான்."

அவர் தாளைத் திருப்பி அக்கா பக்கம் காட்டினார்.

"இது என்னம்மா, நீங்களே எழுதிக் குடுக்கறீங்க? அப்போ இதை உங்களுக்கு மூணாவதா எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கங்க சார்" என்றார் அக்கா. தலையைக் குனியவில்லை. காலை நசுக்கிக்கொண்டு வீட்டோடு இருக்கிற கணவரையும் படிக்கிற பெண்ணையும் மனசில் வைத்துக்கொண்டுதான் அந்த வார்த்தையைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

நான் குறுக்கே விழுந்து சொன்னேன். "அது சாட்சி எழுதினது சார். சாட்சிக்கு மெமோ கிடையாது."

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். தாளைப் பார்த்தார். பச்சை ஃபைலை என் பக்கம் நகர்த்தி, என் பெயர் போட்ட பகுதியில் நானே அதை வைக்கும்படி கையைக் காட்டினார். வைத்தேன். கீழே ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது.